சொந்த விசையில்

விதி எட்டு, உட்பிரிவு நான்கு.
மூன்றில் ஒன்று இருந்தாலே போதும்:
நம்பர் பிளேட் காலாவதி,
டயரில் காற்றின்மை,
தன் சொந்த விசையில்
தன் நீளத்தைக் கடக்க இயலாமை.
வெர்னா ட்வைட்டன் வாசலில் நின்ற பிக்கப்பில்
மூன்றும் இருந்தன.
பானட்டுக்குள் ஓர் அணில் குடும்பமும்.

கதவுள்ள கொட்டகைக்குள் வைக்கலாம்,
ஆறடி வேலிக்குப் பின்னால் வைக்கலாம்.
தார்ப்பாய் வேலி ஆகாது.
அந்த ஒரு வரி யாரோ ஒருவனுக்காகவே எழுதப்பட்டது.
தார்ப்பாயைப் போர்த்திவிட்டு
நகராட்சிக் கூட்டத்தில் நள்ளிரவுவரை வாதாடியவன்
யாரென்று இப்போது எவருக்கும் நினைவில்லை.

ஹால்விக், வடக்கு டகோட்டா.
வாரத்தில் மூன்று நாள் இந்த வேலை எனக்கு,
இரண்டு நாள் தண்ணீர் மீட்டர் படிப்பேன்.
நவம்பர் முதல் ஏப்ரல்வரை கடிதம் அனுப்புவதில்லை:
அப்போது ஊரில் எல்லா வண்டியும்
ஒரே வெள்ளை மேடு.

மே மாதம் புகார் வந்தது. கையெழுத்தில்லாதது.
எழுத்து டெல்மர் ஓஸ்ட்பியுடையது,
பக்கத்து வீடு.
அவர் முற்றத்தில் எட்டு வருடமாய்க் கவிழ்ந்து கிடக்கிறது ஒரு படகு.
படகு வாகனமல்ல என்கிறது விதி இரண்டு.
எப்படி இருக்கிறீர்கள் என்று டெல்மரைக் கேட்டால்
ஏதோ வண்டி ஓடுது என்பார்.
முப்பது நாளில் ஓட்டிக் காட்டு என்று
அவரை யாரும் கேட்டதில்லை.

ஆரஞ்சு நோட்டீசைக் கண்ணாடியில் ஒட்டினேன்.
மறுவாரம் போனபோது
அதைச் சுற்றிக் கண்ணாடியைத் துடைத்திருந்தாள்.
நோட்டீஸ் பளிச்சென்று தெரிந்தது.

பிக்கப் அவளுடையதல்ல.
தம்பி ரோல்ஃபின் பெயரில் இருக்கிறது பதிவு.
மாநிலச் சிறையில் அவனுக்கு
இன்னும் பதினாறு மாதம்.
அவள் சொல்லவில்லை. ஊர் சொன்னது.
என் படிவத்தில் நிறம், ஆண்டு, துரு
எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு,
எதற்காக என்பதற்கு இல்லை.

முப்பதாம் நாள் அளவுநாடாவோடு போனேன்.
புது பிளேட். நான்கு டயரிலும் காற்று.
அணில்கள் ஒரு ஷூ பெட்டிக்குக் குடிபெயர்ந்திருந்தன.
'பெட்ரோல்?' என்றேன்.
'டேங்க்கில் ஓட்டை' என்று சொல்லிக்கொண்டே
ஏறி உட்கார்ந்தாள்.

முதல் கியர்.
கிளச்சை மிதிக்கவில்லை.
சாவியைத் திருகினாள்.

ஸ்டார்ட்டர் மோட்டார் மட்டும் கதறியது.
இஞ்சின் பற்றவே இல்லை.
ஆனாலும் அந்த இரண்டு டன் இரும்பு
விக்கி விக்கி
முன்னால் போனது.
ரப்பர் கருகும் வாசனை.
ஓர் அடி, நிறுத்தம். இன்னோர் அடி.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள்;
அவசரப்படவில்லை.

'இஞ்சின் ஓடலையே!' டெல்மர் கத்தினார்
படகின் மேல் நின்றுகொண்டு.
'அது பேட்டரி!'
'பேட்டரி யாருடையது?' என்றாள் வெர்னா,
ஜன்னல் வழியே, அவரைப் பார்க்காமல்.

புத்தகத்தைப் புரட்டினேன்.
சொற்பொருள் பக்கத்தில் குப்பை இருக்கிறது,
எத்தனை அங்குலம் வளர்ந்தால்
புல் களையாகும் என்பது இருக்கிறது.
விசை இல்லை.

வண்டியின் நீளம் பதினேழு அடி.
நகர்ந்தது பதினேழு அடி மூன்று அங்குலம்.
அது நின்ற இடத்தில்
வெளுத்த புல், நீள்சதுரமாய்.
நடுவில் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர்.
அவள் குனிந்து எடுத்தாள்,
கால்சட்டையில் துடைத்தாள்,
பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

'நகர்ந்தது' என்று எழுதினேன்.
பிறகு சொல்ல வேண்டியிருந்தது:
இப்போது அது நிற்பது முன்புறப் புல்தரையில்.
அது விதி ஆறு. வேறு படிவம்.
அதற்கும் முப்பது நாள்.

'பின்னாலும் போகும்' என்றாள்.

மறுநாள் மீட்டர் படிக்கும் நாள்.
எண்களுக்கு நடுவே
பதினாறு மாதத்தில் எத்தனை முப்பது என்று
கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன்.
இடையில்
ஒரு பனிக்காலமும் வருகிறது.